பார்ட்னர்ஷிப் முறியும்போது: பங்குதாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு பேரோ நான்கு பேரோ சேர்ந்து நடத்தும் கடை, பட்டறை, மில், ஹோட்டல் போன்றவற்றுக்கான பக்கம் இது. இந்தியாவில் இவற்றுக்கு 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம்தான் பொருந்தும். எல்எல்பி (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை), பிரைவேட் லிமிடெட் என்றால் வழி வேறு. அதைப் பற்றி கடைசிக்கு முந்தைய கேள்வியில் சுருக்கமாக இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் யாரை ஏமாற்றினார், யார் அதிகம் உழைத்தார் என்றுதான் எல்லோரும் பேச ஆரம்பிப்பார்கள். நீதிபதியாக இருந்தாலும் நடுவராக இருந்தாலும் கடைசியில் கேட்பது இரண்டே: நிறுவனம் எந்தத் தேதியில் கலைந்தது? அந்தத் தேதியில் கணக்கு என்ன? கையில் இந்த இரண்டும் இருப்பவர் பக்கம் வழக்கு சீக்கிரம் நகரும்.

எங்களுக்குள் பத்திரம் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். இது பார்ட்னர்ஷிப் ஆகுமா?

ஆகும். எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. பத்திரம் இல்லாத இடத்தில் பெரும்பாலும் வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி பதிவும் ஒருவர் பெயரில்தான் இருக்கும். சண்டை வந்ததும் அவர், "இவர் என் பார்ட்னரே இல்லை, கடன் கொடுத்தவர்" என்றோ "சம்பளத்துக்கு இருந்தவர்" என்றோ சொல்லுவார். லாபத்தில் பங்கு வாங்கினார் என்பது மட்டும் போதாது. கடன் கொடுத்தவரும் ஊழியரும்கூட லாபத்தில் பங்கு வாங்கலாம் என்று 6-வது பிரிவு சொல்கிறது. சரக்கு வாங்கும் முடிவை நீங்கள் எடுத்தது, கடனாளிகளிடம் நீங்கள் பேசியது, நஷ்டத்தை நீங்களும் தாங்கியது என்று காட்டும் செய்திகள், ரசீதுகள், பணப் பரிமாற்றங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள்.

ஒப்பந்தத்தில் பேசாமல் விட்டதையெல்லாம் 13-வது பிரிவு நிரப்பும். போட்ட முதல் வேறுவேறாக இருந்தாலும் லாபமும் நஷ்டமும் சமபங்கு. உழைத்ததற்குச் சம்பளம் கிடையாது. முதலுக்கு வட்டி கிடையாது. முதலுக்கு மேல் கடனாகக் கொடுத்த தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 6 சதவீதம். இதில் எதுவும் உங்கள் மனதில் இருந்த ஏற்பாடாக இருக்காது. ஆனாலும் பொருந்தப்போவது இதுதான்.

விலகுவதற்கும் கலைப்பதற்கும் என்ன வித்தியாசம்?

மூன்று பேரில் ஒருவர் வெளியேறி மற்ற இருவர் தொடர்ந்தால் அது விலகல். எல்லோருக்கும் இடையிலான உறவு முடிந்தால் அது கலைப்பு. இரண்டே பேர் இருக்கும் நிறுவனத்தில் ஒருவர் விலகினால் மிஞ்சியவர் தனியாள். தனியாளோடு கூட்டாண்மை இருக்க முடியாது. அதனால் அது கலைப்புதான், பத்திரத்தில் வேறு எப்படி எழுதியிருந்தாலும்.

பிரிவது என்று முடிவெடுத்துவிட்டேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். இத்தனை ஆண்டுக்கு என்று காலம் குறிப்பிடாமலும், எப்படி முடிப்பது என்று சொல்லாமலும் இருந்தால் அது விருப்பக் கூட்டாண்மை. எந்தப் பங்குதாரரும் மற்ற எல்லோருக்கும் எழுத்தில் அறிவிப்பு கொடுத்து அதைக் கலைக்கலாம் என்கிறது 43-வது பிரிவு. அறிவிப்பில் எழுதிய தேதியில் நிறுவனம் கலையும். தேதி எழுதாவிட்டால் அறிவிப்பு போய்ச் சேர்ந்த நாளில். "இனி நமக்குள் சரிப்படாது" என்று வாட்ஸ்அப்பில் கோபமாக அனுப்பியது கலைப்பு அறிவிப்பா இல்லையா என்று பல மாதம் வாதாட நேரிடும். வழக்கறிஞரை வைத்துத் தெளிவான ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலம் குறிப்பிட்ட பத்திரம் என்றால் இப்படி ஒருதலையாகக் கலைக்க முடியாது. எல்லோர் சம்மதமும் வேண்டும். இல்லையென்றால் 44-வது பிரிவின்படி நீதிமன்றம் போக வேண்டும்.

அறிவிப்பு அனுப்புவதற்கு முன்பே செய்யவேண்டியவை சில உண்டு. பேரேடு, டாலி கோப்பு, வங்கி அறிக்கை, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் உரிமை உண்டு. அப்புறம், ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்று பாருங்கள். இன்றைக்கு ஒரு வியாபாரத்தைக் கைப்பற்ற கடைக்குப் பூட்டுப் போட வேண்டியதே இல்லை. வங்கி, ஜிஎஸ்டி தளம், கூகுள் மேப் பதிவு, ஆர்டர் வரும் வாட்ஸ்அப் எண் எல்லாம் ஒருவர் கைபேசியில் இருந்தால் போதும், மற்றவர் அன்றே வெளியாள்.

வங்கிக்கு, "இனி எல்லோர் கையெழுத்தும் இல்லாமல் பணம் எடுக்க அனுமதிக்க வேண்டாம்" என்று கடிதம் கொடுக்கலாம். ஆனால் கணக்கே மொத்தமாக முடங்கி, ஆட்களுக்குச் சம்பளம் போகாமல், ஏற்கெனவே கொடுத்த செக்குகள் திரும்பினால் அந்தச் சேதம் இரண்டு பேருக்கும்தான். ஆகவே சம்பளம், வாடகை, மின்கட்டணம், வரி, ஏற்கெனவே தேதியிட்ட செக்குகள் ஆகியவற்றுக்கு மட்டும் இருவரும் கையெழுத்திட்டுப் பணம் எடுப்பது என்று முதல் நாளே எழுதிக்கொள்வது நல்லது. மற்றதில் ஒத்துப்போகாதவர்கள்கூட இதற்குச் சம்மதிப்பார்கள்.

சரக்கு இருப்பை இரு தரப்பு ஆட்களும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். வரவேண்டிய பாக்கிதான் உண்மையான போர்க்களம். பிரிந்த மறுநாளே இருவரும் அதே வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, "என்னிடம் கொடுங்கள்" என்பார்கள். அவர் இதையே சாக்காக வைத்து இருவருக்கும் கொடுக்க மாட்டார். பாக்கித் தொகைகளை எந்தக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரே கடிதம் போனால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

கணக்கைக் காட்ட மறுக்கிறார். என்ன வழி?

எழுத்தில் கேளுங்கள், மறுத்ததும் பதிவாகட்டும். பங்குதாரர்கள் ஒருவருக்கொருவர் உண்மையான கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று 9-வது பிரிவே சொல்கிறது. வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் முதலில் பூர்வாங்கத் தீர்ப்பாணை ஒன்று பிறப்பித்து, பங்கு விகிதத்தையும் கலைந்த தேதியையும் குறிக்கும். பிறகு கணக்கை ஆராய ஆணையர் ஒருவரை நியமிக்கலாம். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு காட்டாதவருக்கு எதிராகவே ஊகிக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. புத்தகம் காணாமல் போனாலும் ஜிஎஸ்டி தளம், இ-வே பில், வங்கி அறிக்கை, சரக்குக் கொடுத்தவரின் பேரேடு எல்லாவற்றையும் வைத்து ஓரளவு கட்டிவிட முடியும்.

இதில் யாரும் வெளியே சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு: பில் போடாத வியாபாரம். இரண்டாவது நோட்டில்தான் நிஜ லாபம் இருக்கிறது என்று ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னால், அதே ஆண்டுகளின் வரி ரிட்டர்னுக்கு அவரும் பொறுப்பாளி என்பது உடனே எழும். இந்த மாதிரி விஷயங்கள் சமரச அறையில்தான் தீரும், கூண்டில் நின்று தீராது.

நான் பணம் போட்டேன், அவர் உழைத்தார். மிஞ்சியதை எப்படிப் பிரிப்பது?

அதிகச் சண்டை இங்கேதான், அதுவும் இருவருமே தவறாக நினைத்துக்கொண்டிருப்பதால். பணம் போட்டவர், "முதல் விகிதத்தில் நஷ்டம்" என்று நினைப்பார். உழைத்தவர், "இருப்பதில் பாதி எனக்கு" என்று நினைப்பார். 48-வது பிரிவு வரிசை வேறு: முதலில் வெளியாருக்குத் தரவேண்டிய கடன், அடுத்து பங்குதாரர் முதலுக்கு மேல் கொடுத்த கடன், அதன்பின் அவரவர் போட்ட முதல், மீதி இருந்தால் லாப விகிதத்தில். நஷ்டமும் லாப விகிதத்தில்தான் இறங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முருகன் 20 லட்சம், செல்வம் 5 லட்சம் முதல் போட்டார்கள், லாபம் சமபங்கு. பின்னால் முருகன் 6 லட்சம் கடனாகவும் கொடுத்தார். எல்லாம் விற்று, பாக்கி வசூலித்து 40 லட்சம் கிடைத்தது. சரக்குக் கொடுத்தவர்களுக்கும் வங்கிக்கும் 12 லட்சம் போகிறது. முருகனின் கடன் 6 லட்சம் திரும்புகிறது (வட்டியை எளிமைக்காக விட்டுவிட்டேன்). மிச்சம் 22 லட்சம். முதலோ 25 லட்சம். குறைவது 3 லட்சம். ஆளுக்கு ஒன்றரை லட்சம். முருகனுக்கு 18.5 லட்சம், செல்வத்துக்கு 3.5 லட்சம்.

இப்போது 40-க்குப் பதில் 28 லட்சம்தான் கிடைத்தது என்று வையுங்கள். கடன்கள் போக 10 லட்சம் மிச்சம், குறைவு 15 லட்சம், ஆளுக்கு ஏழரை லட்சம். முருகனுக்கு 12.5 லட்சம் வரவேண்டும். செல்வம் போட்டதே 5 லட்சம் என்பதால் அவர் கையிலிருந்து இரண்டரை லட்சம் கொண்டுவர வேண்டும். பல ஆண்டு கடையில் நின்று உழைத்தவர் பிரியும் நாளில் பணம் கட்ட வேண்டும் என்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இது நியாயமா என்று கேட்டால், எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் "நஷ்டம் முதல் விகிதத்தில்" என்றோ "உழைக்கும் பங்குதாரருக்கு நஷ்டம் இல்லை" என்றோ எழுதிக்கொள்ளச் சட்டம் தடை போடவில்லை. எழுதாமல் விட்டதன் விலைதான் இது.

கணக்கில் குட்வில், அதாவது கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும் உள்ள மதிப்பும் சேர வேண்டும். ஐந்தொகையில் அது இல்லை என்பதால் மறந்துவிடாதீர்கள். கடையைத் தொடர்ந்து நடத்தப்போகிறவர் அதைக் குறைத்தும், வெளியேறுபவர் கூட்டியும் சொல்வார்கள். இருவரும் நம்பும் ஆடிட்டர் ஒருவரிடம் விடுவதைத் தவிர நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. இன்னொன்றும் உண்டு: ஒருவர் ஒரு விலையைச் சொல்லட்டும், அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்று மற்றவர் தேர்ந்தெடுக்கட்டும். விலை சொல்பவர் தானாகவே யோக்கியமாகிவிடுவார். ஆனால் ஒருவரிடம் மட்டும் ரொக்கம் இருக்கும் இடத்தில் இது பணக்காரருக்கே சாதகம்.

நாங்கள் நான்கு பேர். மூவர் சேர்ந்து ஒருவரை வெளியேற்றலாமா?

பத்திரத்தில் அந்த அதிகாரம் எழுதியிருந்து, அதை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தினால் மட்டும். வெறும் பெரும்பான்மை போதாது.

நான் விலகிவிட்டேன். பணம் தராமலே வியாபாரத்தை நடத்துகிறார்கள்.

உங்கள் பங்கு உள்ளே இருக்கும்வரை அதற்குப் பலன் உண்டு. 37-வது பிரிவு இரண்டு வாய்ப்புத் தருகிறது: உங்கள் சொத்தைப் பயன்படுத்தியதால் வந்த லாபத்தில் பங்கு, அல்லது உங்கள் பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. எது வேண்டும் என்பது உங்கள் தேர்வு. வேறு ஒப்பந்தம் இருந்தால் அதுதான் செல்லும். வியாபாரம் நன்றாகப் போனால் லாபப் பங்கு, சுமார் என்றால் வட்டி என்பது மேலோட்டமான கணக்கு. லாபப் பங்கு கேட்டால் மறுபடியும் அவர்கள் கணக்கை ஆராய வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கடை இருக்கும் கட்டடம் என் பெயரில். அதிலும் அவருக்குப் பங்கா?

நிறுவனம் பயன்படுத்தியது என்பதாலேயே அது நிறுவனச் சொத்து ஆகாது. முதலாகக் கொண்டுவந்து போட்டீர்களா, நிறுவனப் பணத்தில் வாங்கினீர்களா, ஐந்தொகையில் காட்டினீர்களா என்பதுதான் கேள்வி. வாடகை வாங்கி வந்திருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும். நிறுவனப் பணத்தில் வாங்கியது என்றால், வேறு எண்ணம் இருந்ததாகக் காட்டாதவரை அது நிறுவனத்துடையதே, யார் பெயரில் பத்திரம் இருந்தாலும்.

நிறுவனத்தின் நிலம் கலைப்பின்போது ஒரு பங்குதாரர் கைக்கு வந்தால் பதிவு செய்ய வேண்டுமா என்பது பழைய சந்தேகம். பங்குதாரரின் பங்கு அசையும் சொத்துதான் என்று 1966-ல் அட்டங்கி நாராயணப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டுச் சகோதரர்களின் கூட்டு நிறுவனம் பற்றிய சந்திரபாண்டியன் வழக்கில், 1993-ல், கலைப்பில் நிலத்தைப் பிரித்துக் கொடுத்த நடுவர் தீர்ப்புக்கும் அதையே பின்பற்றிப் பதிவு தேவையில்லை என்றது. இருந்தாலும் நாளைக்கு விற்கவோ கடன் வாங்கவோ போனால் வில்லங்கச் சான்றில் தொடர்ச்சி கேட்பார்கள். செலவு பார்க்காமல் பதிவு செய்துகொள்வது நிம்மதி.

விலகிய பிறகும் வங்கிக் கடனும் வரியும் என் தலையில் விழுமா?

விழும், நீங்கள் அறிவிக்காவிட்டால். விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும்: அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் வரும் ஒரு தமிழ் நாளிதழிலும். பதிவான நிறுவனம் என்றால் நிறுவனப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த வேலையைப் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் பார்க்கிறார். இதைச் செய்யாதவரை, நீங்கள் இன்னும் பங்குதாரர் என்று நம்பிச் சரக்குக் கொடுத்தவர் உங்களையும் கேட்கலாம். நீங்கள் இருந்த காலத்துக் கடனோ, அறிவிப்பு கொடுத்தாலும் தீராது.

ஜிஎஸ்டியில் தனி விதி: விலகிய ஒரு மாதத்துக்குள் ஆணையருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாமதித்தால், கடிதம் போய்ச் சேரும் நாள்வரை வரும் வரிக்கும் நீங்கள் பொறுப்பு. ஆடிட்டர் போர்ட்டலில் பெயரை நீக்கிவிட்டாரா என்று மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

வங்கியில் நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருந்தால், நிறுவனத்தைவிட்டு வந்தது ஜாமீனைவிட்டு வந்ததாகாது. "கடனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பார்ட்னர் எழுதிக் கொடுப்பது உங்களுக்கும் அவருக்கும் இடையில்தான் செல்லும், வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஜாமீனிலிருந்து விடுவித்ததாக வங்கி எழுத்தில் தரும்வரை கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காமலோ, பத்திரத்தில் கையெழுத்திடாமலோ நிறுத்திவையுங்கள்.

நீதிமன்றமா, நடுவரா, சமரசமா?

பத்திரத்தில் நடுவர் பிரிவு, அதாவது தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் ஒருவரே தீர்ப்புச் சொல்வார் என்ற ஷரத்து, இருந்தால் தேர்வு ஏறக்குறைய முடிந்துவிட்டது. நீங்கள் வழக்குப் போட்டாலும் எதிர்த் தரப்பு கேட்டால் நீதிமன்றம் நடுவரிடம் அனுப்பும். "மோசடி நடந்திருக்கிறது, அதனால் நடுவர் விசாரிக்கக் கூடாது" என்ற வாதம் எளிதில் எடுபடாது. திருநெல்வேலியில் சேர்ந்து ஹோட்டல் நடத்திய சகோதரர்களின் வழக்கு ஒன்று உண்டு: ஐயாசாமி எதிர் பரமசிவம், 2016. நிர்வாகம் பார்த்த மூத்தவர் தன் மகன் பெயருக்கு 10 லட்ச ரூபாய் செக் கொடுத்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இது மோசடி என்று நடுவரிடம் அனுப்ப மறுத்தன. உச்ச நீதிமன்றம், இது குடும்ப வியாபாரத்தின் கணக்குத் தகராறுதான், நடுவரே பார்க்கலாம் என்றது. மகன், மருமகன், சித்தப்பா என்று ஆட்கள் மாறுவார்களே தவிர, தமிழ்நாட்டில் குடும்ப நிறுவனங்கள் உடையும் விதம் பெரும்பாலும் இதேதான்.

நடுவரிடம் போனால், தீர்ப்புச் சொல்ல, இரு தரப்பு மனுக்களும் தாக்கலாகி முடிந்த நாளிலிருந்து 12 மாதம், இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம் என்று கெடு உண்டு. நடுவர் கட்டணம் உங்கள் செலவு. சின்ன நிறுவனத்துக்கு மூன்று நடுவர் வேண்டாம், ஒருவர் போதும்.

நடுவர் பிரிவு இல்லையென்றால் வணிக நீதிமன்றம். கூட்டாண்மைத் தகராறு 3 லட்ச ரூபாய்க்குக் குறையாத மதிப்புள்ளது என்றால் அது வணிக வழக்கு. அவசரத் தடையுத்தரவு தேவைப்படாத வழக்கில், முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசத்துக்கு முயன்றே ஆக வேண்டும்; இது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தாலும், பெரிய பங்குக்கு அது கனமான தொகைதான்.

என் கருத்தைக் கேட்டால், சமரசத்தைக் கட்டாயத்துக்காகச் செய்யும் சடங்காக நினைக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச மையம் தொடங்கியது; நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்த சமரசத்துக்கு முன்னோடி அது. அங்கே பேசியது வெளியே வராது. ஊர்ப் பெரியவரோ சங்கத் தலைவரோ பேசித் தீர்த்து வைப்பதும் நடக்கிறது, நல்லதுதான். ஆனால் முடிவை உடனே எழுதி, தொகை, தவணை, தவறினால் என்ன என்பதோடு எல்லோரும் கையெழுத்துப் போடவில்லையென்றால் அடுத்த தீபாவளிக்குள் அதே பஞ்சாயத்து திரும்பக் கூடும்.

நிறுவனத்தைப் பதிவு செய்யவில்லை. வழக்கே போட முடியாது என்கிறார்களே?

பாதி உண்மை. பதிவு செய்யாத நிறுவனத்தின் பங்குதாரர், ஒப்பந்த உரிமைக்காக மற்றவர்மீது வழக்குப் போட 69-வது பிரிவு தடை விதிக்கிறது. அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது: நிறுவனத்தைக் கலைக்கக் கோரியும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்டும், அதன் சொத்தை மீட்கவும் வழக்குப் போடலாம். பிரிவதற்குத் தேவையான கதவு திறந்தே இருக்கிறது.

போலீஸில் புகார் கொடுத்தால் பயந்து தருவாரா?

பலரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். தனியாக ஒப்படைத்ததாக ஒப்பந்தம் இல்லாதபோது, நிறுவனச் சொத்தைப் பங்குதாரர் எடுத்துக்கொண்டது நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகாது என்று 1965-லேயே வேல்ஜி ராகவ்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கள்ளக் கையெழுத்து, போலிப் பத்திரம் என்றால் அது வேறு. அதற்குத் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். மற்றபடி "இது சிவில் விவகாரம்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள், இடையில் மாதங்கள் போயிருக்கும்.

பார்ட்னர் இறந்துவிட்டார். அவர் மகன் கடையில் வந்து உட்காரலாமா?

எல்லோரும் சம்மதித்தால் உட்காரலாம். பங்கு வாரிசுக்குப் போகும், பங்குதாரர் என்ற இடம் தானாகப் போகாது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மரணத்தோடு நிறுவனமே கலைந்துவிடும். இருவர் நிறுவனத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கலையும்.

பிரிந்தவர் அதே தெருவில் அதே பெயரில் கடை போடுகிறார்.

கடை போடலாம். அதே பெயரைப் பயன்படுத்தக் கூடாது, உங்கள் நிறுவனத்தின் ஆள் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப்போய் அழைக்கக் கூடாது. விலகியவருக்கு 36-வது பிரிவு வைத்திருக்கும் வரம்பு இது. நிறுவனம் கலைந்திருந்தால், எல்லாம் பைசல் ஆகும்வரை யாரும் அந்தப் பெயரில் அதுபோன்ற வியாபாரம் செய்யாமல் 53-வது பிரிவின்படி தடை வாங்கலாம். அதே தொழிலே செய்யக் கூடாது என்று வேண்டுமானால், நியாயமான கால அளவோ எல்லையோ குறித்துப் பிரிவுப் பத்திரத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கடைப் பெயரின் டிரேட்மார்க் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள்.

எங்களுடையது எல்எல்பி / பிரைவேட் லிமிடெட்.

எல்எல்பி-யில் ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் எழுத்து அறிவிப்பில் விலகலாம். பிரைவேட் லிமிடெட்டில் பங்குதாரர் என்றாலே பொருள் வேறு. பத்தில் ஒரு பங்காவது வைத்திருப்பவர், பெரும்பான்மையினர் அடக்கி ஒடுக்குகிறார்கள் என்று கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது.

எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும்?

கலைந்த தேதியிலிருந்து 3 ஆண்டு. முன்பே தேதியைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, தம்பி வெளிநாட்டிலிருந்து வரட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட்டால் காலம் நிற்காது. வழக்குக்கு முந்தைய கட்டாயச் சமரசத்தில் இருந்த நாட்கள் மட்டும் கணக்கில் கழியும். 3 ஆண்டு முடிவதற்குள், "இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடத் தொடங்கும். நடுவரிடம் போவதென்றால், தகராறை நடுவரிடம் விடுகிறேன் என்ற அறிவிப்பு அவர் கையில் கிடைத்த நாளே நீங்கள் நடவடிக்கை தொடங்கிய நாள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.